ஏ.சி. குளிரில் நீலமாகும் விரல்

கொழும்பில் குளிர்காலம் கிடையாது. ஆனால் புறக்கோட்டை வெயிலில் வேர்த்து வழிய வந்து, 18 டிகிரி ஏ.சி.க்கு நேர் கீழே உட்காருகிற சிலருக்கு விரல்கள் வெளுத்து, நீலமாகி, சூடு பட்டதும் சிவந்து குத்துகின்றன. பிரெஞ்சு மருத்துவர் மொரிஸ் ரெய்னோ 1862இல் விவரித்த நிலை இது. குளிர் பட்டதும் விரலின் சிறுநாடிகள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடுகின்றன. பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, இரண்டு கைகளிலும் வரும். புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

மிக அரிதாகச் சிலருக்கு மட்டும், கோளாறு குருதிக் குழாயில் இல்லாமல் உள்ளே ஓடும் குருதியில் இருக்கும்.

மைலோமா, வால்டன்ஸ்ட்ரோம் நோய் போன்ற குருதிப் புற்றுநோய்களில், கெட்டுப்போன ஒரே கலத்தின் வாரிசுகள் பெருகி, ஒரே வகைப் பிறபொருளெதிரியை, அதாவது நோயெதிர்ப்புப் புரதத்தை, கொட்டிக்கொண்டே இருக்கும். சிலரில் அந்தப் புரதம் 37 டிகிரிக்குக் கீழே கரைந்திருக்காது. நுவரெலியாவில் விடியக்காலையில் தேங்காய் எண்ணெய் போத்தல் கட்டியாகி, வெயில் ஏற உருகுமே, அப்படித்தான். நெஞ்சுக்குள் சூடு குறைவதில்லை. விரல் நுனி, மூக்கு நுனி, காது மடல் ஆகியவை எளிதில் குளிர்ந்துபோகும். புரதம் அங்கே திரண்டு நுண்குழாய்களை அடைக்கிறது.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எடுத்த குருதி ஆய்வுகூடம் போகும் வழியில் ஆறிவிட்டால், புரதம் உறைகட்டியோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும்; அறிக்கையில் ஒன்றுமில்லை என்று வரும். அதனால் குருதி எடுத்த சோதனைக் குழாயை 37 டிகிரியிலேயே கொண்டுபோய், சீரத்தை, அதாவது குருதி உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த திரவத்தை, பிரித்தெடுத்து, பிறகு 4 டிகிரியில் சில நாட்கள் வைத்து வீழ்படிவு வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இன்னொரு வகைக் குருதிப் புற்றுநோயில் குருதிச் சிறுதட்டுகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. டெங்கு புண்ணியத்தில் கொழும்பில் எல்லாருக்கும் பிளேட்லெட் கணக்குத் தெரியும்: வழமையாக 150,000 முதல் 450,000 வரை. டெங்குவில் அது இறங்குவதுதான் கவலை. இங்கே 450,000ஐத் தாண்டி ஏறியே நிற்கும். காரணம் என்பு மச்சையில். பாதிக்கு மேற்பட்டோரிடம் 2005இல் அறியப்பட்ட ஜாக்2 மரபணு மாற்றம் இருக்கும். சிறுதட்டுகள் விரலின் சிறுநாடிகளில் திரண்டு அடைக்க, நுனி நீலமாகும், சிலருக்குக் கறுத்தும் போகும். வேறு சிலருக்குக் கை கால் சிவந்து எரியும். அந்த எரிச்சல் சூட்டில் கூடி, குளிரில் தணியும். குறைந்த அளவு அஸ்பிரின் அதை வேகமாக அடக்கிவிடும். அதற்காகப் பார்மசியில் தானாக வாங்கிப் போடக்கூடாது: டெங்குவில் அஸ்பிரின் ஆபத்து. சிறுதட்டுகள் மிக அதிகமாகப் பெருகினால், விசித்திரமாக, குருதிக் கசிவும் வரலாம்.

ஐம்பது வயதுக்குப் பிறகு முதல்முறையாக, ஒரு கையில் மட்டும் விரல் நீலமானால், அல்லது நுனியில் புண்ணோ கறுப்போ தெரிந்தால், டொக்டரிடம் காட்டுங்கள். எடை குறைவது, இரவில் உடுப்பு நனைய வியர்ப்பது, குளித்த பின் உடம்பு அரிப்பது இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். முதலில் எஃப்.பி.சி. என்ற சாதாரண முழுக் குருதிக் கணக்கும், தேவைப்பட்டால் சீரப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனையும் எழுதித் தருவார்.