இரண்டாவது கிளைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

நன்றாக ஓடுகிற மெஸ். ஆசையாக இரண்டாவது கிளை திறக்கிறார்கள். ஏழெட்டு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு, பிறகுதான் கணக்குப் பார்க்க ஆளைத் தேடுகிறார்கள். பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போகிறது.

பேர் இருக்கிறது, கூட்டம் வரும் என்கிறீர்கள். வரும். யாரும் மறுக்கவில்லை. "இங்கே மாதம் 1,70,000 நிற்கிறது, அங்கேயும் நிற்கும்" என்கிறீர்களே, அதுதான் ஆளைக் கவிழ்க்கிறது.

மாத விற்பனை 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மளிகை, காய்கறி 2,40,000. ஆள் சம்பளம் 1,30,000. கேஸ், கரண்ட், இலை, சில்லறைச் செலவு 60,000. மிச்சம் 1,70,000. இது லாபம் இல்லை ஐயா! கட்டடம் சொந்தம் என்பதால் வாடகையே எழுதவில்லை. கல்லாவில் அண்ணன், மசாலாவுக்கு அண்ணி, விடிகாலை மார்க்கெட்டுக்குத் தம்பி. மூன்று பேருக்கும் சம்பளம் எழுதவில்லை. புதுக் கடையில் வாடகை 60,000, அந்த மூன்று வேலைக்கு ஆளுக்கு 25,000 என்றால் 75,000. கையில் நிற்பது 35,000. கடை போட 20 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் தவணை சுமார் 44,500. பழைய கடை அளவுக்கே வியாபாரம் நடந்தும் மாதம் 9,500 கைநஷ்டம்.

ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறையில், இருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: ஒரே பான் எண்ணில் இரண்டு கடை விற்பனையும் சேர்த்துத்தான் வருடத்துக்கு 1.5 கோடி வரம்பு. உணவுப் பாதுகாப்பு உரிமம் ஒவ்வொரு கடைக்கும் தனி.

அடுத்தது ருசி. கைப்பக்குவத்தை டெம்போவில் ஏற்றி அனுப்ப முடியாது. மாஸ்டர் சாம்பாரில் போடுகிற உப்பு, புளி, பொடியைப் பத்து நாள் தராசில் வைத்து கிராமில் எழுதுங்கள். ஒரு கைப்பிடி உப்பே ஆளுக்கு ஆள் மாறும். தண்ணீரை மறந்துவிடாதீர்கள். கோவையின் சிறுவாணித் தண்ணீரில் மலர வெந்த துவரம்பருப்பு, உப்பு போர் தண்ணீரில் விரை விரையாகவே நிற்கும். இடம் பிடிக்கும் முன் அந்தத் தண்ணீரில் ஒரு கிலோ பருப்பை வேகவைத்துப் பாருங்கள். மாவைப் பழைய கடையிலிருந்து அனுப்புவதானால் ஆட்டிய கையோடு, புளிக்கும் முன்பே, டிரம்மில் பொங்க இடம் விட்டு ஊற்றி அனுப்புங்கள். பொங்கிய மாவு வண்டியில் குலுங்கினால் அமுங்கிவிடும், இட்லி கல்லாகும்.

பதினொரு மாத அக்ரிமென்ட்டை நம்பி டைல்ஸும் புகைபோக்கியும் போடாதீர்கள். ஐந்து வருடத்துக்குப் பதிவு செய்த குத்தகை கேளுங்கள். ஆறு மாத வாடகையும் சம்பளமும் தனியாக வங்கியில் இருக்கட்டும். திறப்பு விழாக் கூட்டம் ஓய்ந்தபின் அதுதான் கடையைத் தாங்கும்.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு மாதம் பழைய கடைப் பக்கம் போகாதீர்கள். கல்லாவும் சாம்பாரும் மாறாமல் இருந்தால், அன்றைக்கு அட்வான்ஸ் செக் எழுதுங்கள்.