இன்ஸ்டலேஷன்: டீ ஸ்டாலில் இருக்கும் அதே ஸ்டால்

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் பறவைக் குரல்களை வைத்து ஒரு சவுண்ட் இன்ஸ்டலேஷன், அதாவது ஓர் இடத்தில் ஒலியையே கலைப்படைப்பாக வைப்பது, செய்யலாம் என்று நண்பர் சொல்லிக்கொண்டிருந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து, "இன்னாப்பா, ஸ்பீக்கர் கட்டப் போறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரியான தமிழ்ச் சொல் இருந்திருந்தால் அவருக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

இன்ஸ்டால் என்ற சொல் இடைக்கால லத்தீனில் இருந்து வந்தது. தேவாலயத்தில் பதவி ஏற்கும் குருவை அவருக்கென்று உள்ள இருக்கையில் அமர்த்துவதைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். அந்த இருக்கைக்குப் பெயர் ஸ்டால். நம் தெருமுனை டீ ஸ்டாலில் இருப்பதும் அதே வேர்தான், அடிப்படைப் பொருள் 'நிற்கும் இடம்'. அப்புறம்தான் இயந்திரம் பொருத்துவது, ஓர் இடத்தையே கலைப்படைப்பாக ஆக்குவது என்றெல்லாம் பொருள் விரிந்தது.

சவுண்ட் இன்ஸ்டலேஷன் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மாக்ஸ் நியூஹாஸ், அமெரிக்கத் தாளவாத்தியக் கலைஞர். 1977-இல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், நடைபாதைக் கம்பி வலைக்கு அடியில் ஒரு ரீங்காரத்தை ஒலிக்க விட்டார், பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. கச்சேரி என்றால் தொடக்கமும் முடிவும் உண்டு. இங்கே ஒலி ஓர் இடத்தில் நின்றுகொண்டே இருக்கிறது, நாம்தான் அதற்குள் நடந்து போய் வெளியே வருகிறோம்.

தமிழில் சிலர் நிர்மாணக் கலை என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, நிர்மாணம் என்றதும் கட்டடம்தான் கண்ணில் நிற்கிறது. நிறுவல்தான் சரி. நில், நிறுத்து, நிறுவு என்று ஒரே குடும்பம். ஸ்டாலின் பழைய பொருளும் அப்படியே இதில் வந்துவிடுகிறது. மென்பொருளை நிறுவுவதற்கும் இதே சொல்லாயிற்றே என்றால், ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், யாரும் குழம்பவில்லை. ஆகவே ஒலி நிறுவல்.

இடத்தையும் ஒலியையும் சேர்த்துப் பார்ப்பது நமக்கு அந்நியமும் இல்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் உரியவை என்று தொல்காப்பியம் சொல்லும் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, மரத்தோடு புள்ளும் (பறவையும்) பறையும் யாழும் இருக்கின்றன. கடற்கரை நிலமான நெய்தலுக்குக் கடற்காகமும் விளரி யாழும் என்று பிற்கால இலக்கண நூல்கள் சொல்லும். காசிமேட்டில் படகு கரைசேரும் நேரத்தில் செம்பருந்து வட்டமடித்தபடி இழுத்துக் கத்துமே, அதைக் கேட்டவருக்கு இது உடனே புரியும்.

ஒன்றை மட்டும் அழுத்தியே சொல்கிறேன். பதிவு செய்த குரலை முகத்துவாரக் கரையில் ஒலிக்க விடக்கூடாது. ஆட்காட்டி வெட்டவெளித் தரையில்தான் முட்டையிடும். போட்டிக்கு வேறொரு பறவை வந்துவிட்டதென்று நினைத்து முட்டையை விட்டுவிட்டு எழுந்து ஓடும், வெயிலில் முட்டை கெடும். ஒலி நிறுவலைத் திருவொற்றியூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் வையுங்கள். அந்த அண்ணனிடமும் அப்படித்தான் சொன்னேன், "அப்போ நல்லா கேக்குற மாதிரி வைங்க, ஆனா சின்னதா வைங்க" என்றார்.