ஊசியைக் கண்டால் மயங்குகிறவரும் இரத்தம் கொடுக்கலாம்

மட்டக்களப்பில் கோவில் மண்டபத்திலோ பாடசாலையிலோ இரத்ததான முகாம் நடந்தால், வாசல் வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் சிலர் கட்டாயம் இருப்பார்கள். கூட வந்தவர் உள்ளே கட்டிலில் படுத்திருப்பார், இவர் வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பார். கேட்டால், "எனக்கு ரத்தத்தக் கண்டாலே தலை சுத்தும்" என்பார். அவரைக் கோழை என்று கிண்டல் பண்ணுவது அநியாயம். அவருடைய இரத்த அழுத்தம் ஒரு தனி விதமாக நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். அதைப் பழக்கி மாற்றவும் முடியும்.

பாம்பைக் கண்டு பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், அழுத்தம் ஏறும், உடம்பு ஓடத் தயாராகும். அந்த நிலையில் யாரும் மயங்கி விழுவது அபூர்வம். இரத்தம், ஊசி, காயம் பற்றிய பயம்தான் வேறு மாதிரி. முதலில் அதே படபடப்பு வரும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தலைகீழாகும். மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு துடிப்பைக் குறைக்க, கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய, இரத்தம் கீழேயே தேங்கிவிடும். குழாய்த் தண்ணீரின் வேகம் குறைந்தால் மேல்மாடிக் குழாய்தானே முதலில் வற்றும்? உடம்பில் அந்த மேல்மாடி மூளை. கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, காதடைப்பு, கண் இருட்டு, அப்புறம் மயக்கம். விழுந்து கிடக்கும்போது தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் பெரும்பாலும் சீக்கிரமே நினைவு திரும்பிவிடும். இந்தத் தன்மை குடும்பத்திலும் ஓடும். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, இப்படிப்பட்டவருக்கு நாம் என்ன சொல்கிறோம்? "பயப்படாத மனே, உடம்ப லேசா விடு." அன்பான வார்த்தைதான். ஆனால் அழுத்தம் இறங்கப் போகிறவர் உடம்பைத் தளர்த்தினால் அது இன்னும் இறங்க வழியாகும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஒஸ்ட் 1980களில் நேர்மாறான ஒரு பயிற்சியை உருவாக்கிச் சோதித்தார்: தசைகளை இறுக்குவது.

வீட்டில் கதிரையில் இருந்தே பழகலாம். கை, கால், வயிறு மூன்றையும் 10 முதல் 15 செக்கன் வரை, முகம் சூடாவது தெரியும் மட்டும் இறுக்க வேண்டும். பிறகு 20, 30 செக்கன் சாதாரணமாக இருக்க வேண்டும், முழுக்கத் துவண்டுவிடக் கூடாது. இதை ஐந்து தடவை செய்ய வேண்டும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. இறுகும் தசை, நாளங்களில் தேங்கிய இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது, அழுத்தமும் ஏறுகிறது. கை பழகியதும் ஊசியின் படம், இரத்தம் எடுக்கும் வீடியோ என்று பார்த்துக்கொண்டே இறுக்கிப் பாருங்கள். முகாமில் கட்டிலில் படுத்த பிறகு ஊசி ஏறிய கையைச் சும்மா விட்டுவிட்டு, தொடையையும் வயிற்றையும் மற்றக் கையையும் இறுக்கினால் போதும்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. ஒருபோதும் மயங்காமல் வலிக்கு மட்டும் பயப்படுகிறவருக்கு மெதுவாக மூச்சு விடுவதும் வேறுபக்கம் பார்ப்பதும் போதும். ஊசி குத்தும் அந்த நொடியில் ஒரு தடவை இருமினால் வலி குறைவாகத் தெரிகிறது என்றும் ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தானத்துக்கான ஊசி தடுப்பூசியை விடத் தடிப்பானது, சுமார் 1.6 மில்லிமீற்றர். இரத்தம் தடையில்லாமல் ஓடவும் சிவப்பணுக்கள் உடையாமல் இருக்கவும் அந்தத் தடிப்பு வேண்டும். குத்தும்போது சுரீர் என்கிறது, பிறகு ஊசி உள்ளே இருப்பது மட்டும்தான் தெரியும்.

எடுப்பது வழக்கமாக 450 மில்லிலீட்டர். 50 கிலோ உள்ளவரின் உடம்பில் சுமார் மூன்றரை லீட்டர் இரத்தம் இருக்கும். போன நீர்ப்பகுதி ஓரிரு நாளில் திரும்பிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில கிழமைகள் ஆகும்.

உலக இரத்த தான தினம் யூன் 14. எங்களுக்கு அது கச்சான் என்கிற வறண்ட சூடான காற்று அடிக்கிற காலம். வெக்கையில் தோலுக்கடியிலுள்ள குழாய்கள் விரிந்திருக்கும், வியர்வையில் நீரும் போயிருக்கும். மயக்கத்துக்கு அதுவே பாதி வழி. அதனால் கொடுப்பதற்குச் சற்று முன்பு அரை லீட்டர் தண்ணீர் குடியுங்கள், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முன்பு மயங்கியிருந்தால் தாதியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டிலைத் தட்டையாக்கி, உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

மயக்கம் பலருக்கும் ஊசியைக் கழற்றிய பிறகு, எழும்பி நிற்கும்போதுதான் வருகிறது. முகாமில் குடிக்கத் தருவதைக் குடித்துவிட்டுக் கால் மணி நேரமாவது இருங்கள். எழுந்ததும் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள். உடனே மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டாம். இலங்கையில் அடுத்த தானத்துக்கு நான்கு மாதம் பொறுக்க வேண்டும். மயக்கம் வரும் வாய்ப்பு முதல் தடவை கொடுப்பவருக்கே அதிகம், திரும்பத் திரும்பக் கொடுக்கிறவர்களிடம் அது தெளிவாகக் குறைந்துவிடுகிறது.