பேய் பங்களாவா, குகைவண்டியா?

கேளிக்கைப் பூங்காக்களில் சின்ன வண்டியில் இருட்டுக்குள் கூட்டிப்போகும் விளையாட்டுக்கு 'டார்க் ரைடு' என்ற பெயரை நான் முதலில் கேட்டபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்குள் அதில் பத்துத் தடவையாவது உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தியாயிற்று. தாராவியில் எங்கள் சந்துப் பிள்ளைகளுக்கு அது 'பூத் பங்களா'. அம்மா 'பேய் பங்களா' என்பாள். ஒன்று அப்படியே இந்தி, இன்னொன்று பாதி மொழிபெயர்த்த இந்தி. சரியான தமிழ்ப் பெயர் என்ன என்று அன்றைக்கு யார் கேட்டார்கள்? டிக்கெட்டுக்குக் காசு கிடைத்தால் போதும்.

கேள்வி போன மாதம்தான் வந்தது. அண்ணன் மகள் தமிழ் வகுப்புக்குச் சுற்றுலாக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'நாங்கள் கருப்புச் சவாரியில் ஏறினோம்' என்று இருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கருப்புச் சவாரி என்றால் கருப்பசாமி அரிவாளோடு குதிரையேறி நடுராத்திரியில் ஊரைச் சுற்றுவது. "அதுல எல்லாம் நீ ஏற முடியாதும்மா" என்றேன். "அப்ப நீங்களே சொல்லுங்க சித்தப்பா" என்று பேனாவை நீட்டிவிட்டாள். உடனே சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பொருள். வெளிச்சம் புகாமல் அடைத்து, உள்சுவருக்குக் கறுப்பு அடித்த ஒரு கொட்டகை. இரண்டு மூன்று பேர் உட்காரும் சின்ன வண்டி தண்டவாளத்தில் ஓடி, கதவைத் தானே முட்டித் திறந்துகொண்டு உள்ளே போகும். சக்கரம் வழியில் ஒரு விசையை மிதிக்கும். சட்டென்று விளக்கு எரியும், சவப்பெட்டி திறக்கும், எலும்புக்கூடு பாயும். வண்டி தாண்டியதும் எல்லாம் அணைந்து அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். ஒளிரும் சாயம் பூசிய மண்டையோட்டின் மேல் புற ஊதா விளக்கைப் போட்டால் உடம்பு மறைந்து முகம் மட்டும் மிதக்கும். ஆனால் இதில் உண்மையான சாமர்த்தியம் தண்டவாளத்தில் இருக்கிறது. கொட்டகை ஒரு கல்யாண மண்டபச் சமையற்கட்டு அளவுதான் இருக்கும். அதற்குள் பாதையை மடக்கி மடக்கிப் போட்டிருப்பார்கள். இருட்டில் சட்டென்று திரும்பும்போது திசை தப்பிவிடும்; ஒரே சுவரை மூன்று தடவை சுற்றிவந்தாலும் எங்கேயோ வெகுதூரம் போய்விட்டதாகத் தோன்றும்.

அந்த மடக்கல்தான் பெயருக்குள்ளும் புகுந்தது. 1920-களின் கடைசியில் அமெரிக்காவின் நியூஜெர்சிக்காரர் லியோன் காசிடி என்பவர் இப்படி ஒற்றைத் தண்டவாளத்தில் இருட்டுக்குள் ஓடும் வண்டியைச் செய்து காப்புரிமை வாங்கினார். அதற்குமுன் இருட்டுக்குள் கூட்டிப்போக வேண்டுமென்றால் பெரும்பாலும் கால்வாய் வெட்டித் தண்ணீர் விட்டுப் படகில் போக வேண்டும், செலவு கொஞ்சநஞ்சமில்லை. காசிடியின் வண்டியில் போய்வந்த ஒருவர், உள்ளே பிரெட்சல் மாதிரி முறுக்கிவிட்டார்கள் என்றாராம். கம்பெனிக்கே 'பிரெட்சல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரெட்சல் என்பது ஜெர்மன்காரர்களின் மாவுப் பலகாரம், கயிறாகத் திரித்து முடிச்சுப் போட்டுச் சுடுவது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் கண்டுபிடித்திருந்தால் 'முறுக்குவண்டி' என்று அன்றைக்கே தமிழ்ப் பெயர் கிடைத்திருக்கும். நானும் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதே வண்டி 1930-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரைப் பூங்காவுக்குப் போனது. அங்கே பிரெட்சல் என்றால் யாருக்கும் தெரியாது. அதற்குச் சில வருடம் முன்னால் 'கோஸ்ட் டிரெயின்' என்று ஒரு மேடை நாடகம் சக்கைப்போடு போட்டிருந்தது. அந்தப் பெயரை எடுத்துப் பலகையில் எழுதிவிட்டார்கள். இன்றும் பிரிட்டனில் அதன் பொதுப்பெயர் பேய் ரயில்தான். ஒரே ஆங்கிலம் பேசுகிறவர்களே கடல் தாண்டியதும் வந்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தங்களுக்குப் புரிந்ததை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது. நாம் மட்டும் 'டார்க்'குக்கு இருள், 'ரைடு'க்குச் சவாரி என்று சொல்லுக்குச் சொல் தராசில் நிறுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கேளிக்கைப் பெயர்களே இப்படித்தான், ஊர் மாறினால் ஆள் மாறிவிடும். உயரத்திலிருந்து சரிந்து ஓடும் ரோலர் கோஸ்டருக்குப் பிரெஞ்சில் 'ரஷ்ய மலைகள்' என்று பெயர். ரஷ்யர்கள் அதையே 'அமெரிக்கக் குன்றுகள்' என்கிறார்கள். 1901-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரக் கண்காட்சியில் சந்திரனுக்குக் கூட்டிப்போவதாக ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். அதில் பறக்கும் கப்பலின் பெயர் 'லூனா'. இரண்டு வருடம் கழித்து அதை வைத்திருந்தவர்கள் நியூயார்க்கின் கோனி தீவில் 'லூனா பார்க்' திறந்தார்கள். இன்று இத்தாலியிலும் துருக்கியிலும் எந்தக் கேளிக்கைப் பூங்காவையும் லூனாபார்க் என்றே சொல்கிறார்கள். தில்லிக்காரர்களுக்கு அப்பு கர் இருந்தது போல என்று வைத்துக்கொள்ளலாம். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான அப்பு யானையின் பெயரில் 1984-ல் பிரகதி மைதானத்தில் திறந்து, 2008-ல் மூடினார்கள். மும்பையில் அந்த இடம் எஸ்ஸல் வேர்ல்டுக்கு. 1989-ல் கோராயில் திறந்தது. மார்வேயிலோ போரிவலி பக்கத்திலோ படகு பிடித்துக் கழிமுகத்தைத் தாண்டிப் போக வேண்டும். பள்ளியில் பேர் கொடுத்த அன்றிலிருந்து தூக்கம் வராது. அதுவும் இப்போது மூடிவிட்டது.

ஆனால் எங்களுக்கு எஸ்ஸல் வேர்ல்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் வாய்த்தால். டிசம்பர் மாதத்து மாஹிம் மேளாதான் நடந்துபோகும் தூரம். மக்தூம் அலி மாஹிமி தர்காவின் உரூஸ் என்ற ஆண்டு விழாவை ஒட்டி நடப்பது. மரணக் கிணறு, ராட்டினம், அதற்கடுத்துப் பூத் பங்களா. சித்தப்பா ஒருவர் எங்களைக் கூட்டிப்போவார். உள்ளே நுழைந்ததும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். "ஏலே, கண்ணத் தொறல. துட்டு குடுத்திருக்கு" என்று இருட்டுக்குள் அவர் அதட்டுகிற குரல்தான் எனக்கு எலும்புக்கூட்டைவிடப் பயம்.

பிறகொரு வருடம், புறநகரில் ஏதோ ஒரு மைதானப் பொருட்காட்சியில், வண்டி பாதியில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கும்மிருட்டு. அப்புறம் யாரோ குழல்விளக்கைப் போட்டார்கள். நாங்கள் பார்த்தது ஒட்டுப்பலகை, சாக்குப்படுதா, ஆணியில் தொங்கும் சட்டை. சுவர் மூலையில் பனியன் போட்ட ஓர் ஆள் ஒரு கையில் தேநீர்க் கிளாஸ், மறு கையில் துடைப்பக்குச்சிக் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடமாக இருட்டில் கழுத்தைத் தடவிய பேய்க்கு அன்றைக்கு முகம் கிடைத்தது. அவருக்கும் எங்களைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும், கிளாஸைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சரி, பெயருக்கு வருவோம். ராட்டினம் என்ற சொல்லைப் பாருங்கள். நூல் நூற்கும் ராட்டை, கிணற்றில் நீர் இறைக்கும் ராட்டினம், திருவிழாவில் ஆள் ஏற்றிச் சுற்றும் ராட்டினம் எல்லாம் நம்மிடம் ஒரே பெயரில் சுழல்கின்றன. வடமொழியில் நீரிறைக்கும் சக்கரத்துக்கு 'அரகட்ட' என்று பெயர், அது பிராகிருதத்தில் தேய்ந்து மராட்டியில் 'ரஹாட்' ஆயிற்று. ராட்டினத்துக்கும் ரஹாட்டுக்கும் முகஜாடை நன்றாகவே தெரிகிறது. மராட்டியர்கள் தொட்டிலைச் சேர்த்து 'ரஹாட் பாளணா' என்றும், இன்னும் அழகாக 'ஆகாஷ் பாளணா' என்றும் சொல்கிறார்கள். வானத்துத் தொட்டில். நம்மிடமும் தொட்டில் ராட்டினம், குடை ராட்டினம், ரங்கராட்டினம் என்று உண்டு. 1893-ல் சிகாகோவில் ஃபெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்தில் இரும்புச் சக்கரம் எழுப்பினார். 36 கூண்டு, கூண்டுக்கு 60 பேர். அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நம் ஆட்கள் அதைப் பார்த்து மிரளவில்லை. முன்னால் ஒரு 'ராட்சத' போட்டு ராட்சத ராட்டினம் என்றுவிட்டார்கள். பொருள் வெளியூர், பெயர் வீட்டில் இருந்தது.

டார்க் ரைடுக்கு அப்படி வீட்டில் என்ன இருக்கிறது? 'இருட்டுச் சவாரி' என்று சிலர் எழுதிப் பார்த்திருக்கிறேன். சவாரி பாரசீகச் சொல், குதிரையேற்றம். அது தமிழாகிவிட்டது, குறையில்லை. ஆனால் மும்பையில் டாக்சிக்காரர் வாயில் சவாரி என்றால் ஏறுகிற ஆள். 'இருட்டுச் சவாரி' என்று கேட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குர்லாவில் மடக்கிய கிராக்கிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

'பூத பங்களா' அதைவிட மோசம். இந்தியில் பூத் என்றால் செத்தவனின் ஆவி. தமிழில் பூதம் வேறு ஆள். குட்டைக் கால், பெருவயிறு, கோயில் தாங்கும் தோள். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாற்சந்தியில் நிற்கும் சதுக்கப்பூதம் பொய்ச்சாட்சி சொல்பவனையும் போலித் துறவியையும் கயிறு வீசிப் பிடித்து அடித்து உண்ணும். ஒழுங்கானவர்களுக்கு அது காவல். அதைக் கொண்டுவந்து சாக்குப்படுதாவுக்குப் பின்னால் நிறுத்தக் கூடாது. கூடவே வரும் பங்களாவோ வங்காளத்து வீடு. 'பேய் ரயில்' பரவாயில்லை, பேய் நம் பேய்தான், காரைக்கால் அம்மையாரே தன்னைக் காரைக்காற்பேய் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் எல்லா டார்க் ரைடிலும் பேய் இருக்காது. கடற்கொள்ளையர், விண்வெளி, பாட்டுப் பாடும் பொம்மைகள் என்று சிரித்துக்கொண்டே போய்வரும் வகைகளும் உண்டு.

என் விடை குகைவண்டி. இது புத்தகத்தில் கிடைத்தது இல்லை, மும்பையிலிருந்து புனே போகும் வழியில் மலையடிவாரத்து ஸ்டேஷனான கர்ஜத்தில் கிடைத்தது. மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு முதல் டார்க் ரைடு கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் ரயில். கர்ஜத்தில் பின்னால் தள்ளும் எஞ்சின் மாட்டுவார்கள், அப்பா வடை வாங்கி வருவார். அங்கிருந்து லோனாவலா வரைக்கும் போர் காட் என்ற கணவாயின் மலையேற்றம். 1863-ல் திறந்த பாதை, இருபதுக்கும் மேலே குகைகள். ரயில் உள்ளே புகுந்ததும் பெட்டி முழுவதும் பிள்ளைகள் 'ஊ' என்று கத்தும். வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு, அருவி, மறுபடி இருட்டு. நாங்கள் விரல் விட்டு எண்ணுவோம், சண்டை வரும், யார் எண்ணிக்கையும் ஒத்துப்போகாது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சுரங்கப்பாதை என்று சொன்னதில்லை. "அடுத்த குகை வருது, கையை உள்ள எடு" என்பாள் அம்மா.

புகைவண்டி என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. மும்பையின் போரிபந்தரிலிருந்து தாணேக்கு 1853-ல் ரயில் ஓடியபோது அதில் புகை இருந்தது, இப்போது இல்லை, சொல் மட்டும் மிச்சம். அதில் ஓர் எழுத்தை மாற்றினால் குகைவண்டி. அண்ணன் மகளிடம் சொன்னபோது விளக்கம் கேட்கவே இல்லை, எழுதிக்கொண்டாள்.

குகை வடசொல் ஆயிற்றே என்று சிலர் வருவார்கள். உண்மைதான், 'குஹா'. தனித்தமிழ் வேண்டுமென்றால் முழை, முழைஞ்சு இருக்கின்றன. மார்கழியில் மாட்டுங்காவில் திருப்பாவை கேட்பவர்களுக்கு முழைஞ்சு தெரியும், மழைக்காலத்தில் சிங்கம் படுத்துறங்கும் இடம். ஆனால் 'முழைவண்டி' என்று பலகை வைத்தால் ஒருவரும் ஏற மாட்டார்கள். சுரங்கத்துக்கும் போக முடியாது. அதை 'சிரிங்க்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லோடு இணைக்கிறார்கள். போதாததற்கு நிலக்கரியும் மெட்ரோவும் அதை ஏற்கெனவே பங்கு போட்டுக்கொண்டன.

பயன்படுத்தும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். பொதுவாகக் குகைவண்டி. பேய் இருந்தால் பேய்க்குகை வண்டி. தண்ணீரில் படகில் கூட்டிப்போனால் குகைப்படகு. வண்டியே இல்லாமல் காலால் நடந்து பயந்துகொண்டே வெளியே வருவதென்றால் அது பேய்வீடு, அதற்கு டார்க் ரைடு என்ற பெயர் ஆங்கிலத்திலும் பொருந்தாது.