குடற்சுவரின் காவலும் கிரிப்டோஸ்போரிடியமும்

1993-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாகக் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி பரவியபோது, சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. நீராகப் போகும் வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும் ஒன்றிரண்டு வாரம் வாட்டிய பின் பெரும்பாலோர் தாமாகவே தேறினர். ஆனால் அந்தப் பரவலில் இறந்தவர்களில் மிகுதியானோர் எய்ட்ஸ் நிலையை அடைந்திருந்தவர்கள். ஒரே தண்ணீர், ஒரே கிருமி. இந்த வேறுபாட்டுக்கான காரணம் குடற்சுவரில் இருக்கிறது.

நோய் எதிர்ப்பு செல்களில் பெரும்பங்கு குடியிருப்பது குடலில்தான். எச்.ஐ.வி. உடலில் நுழைந்த முதல் சில வாரங்களிலேயே அங்குள்ள சிடி4 செல்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. மற்ற காவல் செல்களை ஏவி வேலை வாங்குபவை இவையே என்பதால், இவற்றின் இழப்பு வெறும் எண்ணிக்கைக் குறைவோடு நிற்பதில்லை. சிகிச்சை இல்லாமல் ஆண்டுகள் கடந்து, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 100-க்கும் கீழே இறங்கும்போது, கிரிப்டோஸ்போரிடியம் விரட்ட ஆளில்லாத இடத்தில் நிலைத்துவிடுகிறது.

அது நிலைக்கும் விதம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. 4 முதல் 6 மைக்ரோமீட்டர் அளவே உள்ள, குளோரினுக்கு அசையாத, தடித்த ஓடு கொண்ட உருண்டையாக அது வாய்வழி நுழைகிறது. சிறுகுடலில் ஓடு திறந்து வெளிவரும் நான்கு நுண்ணுயிர்கள் குடற்சுவரின் மேற்பரப்புச் செல்களில் ஒட்டிக்கொள்ள, அந்தச் செல்லே தன் சவ்வால் அவற்றைப் போர்த்திவிடுகிறது. அங்கே பெருகி உருவாகும் புதிய உருண்டைகளில் ஒரு பகுதி மெல்லிய உறை கொண்டவை. இவை வெளியேறாமல் குடலுக்குள்ளேயே உடைந்து மீண்டும் தொற்றுகின்றன. அசுத்தமான நீரை ஒரே ஒரு முறை குடித்தவருக்கும் மாதக்கணக்கில் நோய் நீடிப்பது இதனால்தான். இதற்கிடையே உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போக, சாப்பிட்டது உடலில் சேராமல் எடை கரைகிறது.

வழக்கமான மலப் பரிசோதனையில் இந்த உருண்டைகளை ஈஸ்ட் என்று எண்ணிக் கடந்துவிடுவது எளிது. மாற்றியமைக்கப்பட்ட அமில நிறமேற்பு முறையில் சாயமேற்றினால், நீலப் பின்னணியில் அவை இளஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். சிஸ்டோஐசோஸ்போரா என்னும் மற்றோர் ஒட்டுண்ணியும் இதே சாயத்தை ஏற்கும். அது நீள்வட்டமானது, பல மடங்கு பெரியது. உருண்டைகள் எல்லா நாளும் வெளிப்படுவதில்லை என்பதால் வெவ்வேறு நாள்களில் எடுத்த மாதிரிகள் தேவை. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவருக்கு வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால், மருத்துவர் இந்தச் சோதனையைப் பெயர் குறிப்பிட்டே எழுதித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'ஒன்றும் இல்லை' என்ற ஒற்றை அறிக்கையை நம்பி நோயாளியைத் திருப்பி அனுப்புவது பெரும் தவறு.

எந்த ஒட்டுண்ணி என்று தெரிவது சிகிச்சையையே மாற்றும். சிஸ்டோஐசோஸ்போரா, எளிதில் கிடைக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது. கிரிப்டோஸ்போரிடியத்துக்கோ, எதிர்ப்பாற்றல் சரிந்த உடலில் நம்பகமாக வேலை செய்யும் மருந்து இல்லை. நிட்டசோக்சனைடு என்னும் ஒட்டுண்ணி எதிர்ப்பு மருந்து கூட அங்கே பெரும்பாலும் தோற்றுப்போகிறது. அதை அடக்குவது எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சைதான். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்துகொண்டே அந்த மருந்துகளை விடாமல் எடுத்துவந்தால், சிடி4 செல்கள் மீண்டு எழ எழ, மாதங்களாக நிற்காத வயிற்றுப்போக்கு நிற்கிறது. அதுவரை, குடிக்கும் தண்ணீரைக் குமிழி எழக் குறைந்தது 1 நிமிடமாவது கொதிக்கவைத்தே பருக வேண்டும். குளோரினால் முடியாததைக் கொதிநீரின் வெப்பம் முடித்துவிடும்.