ஓபிஆர் மாறினா உங்க வீட்டு லோன் ஏன் மாறுது

2025 ஜூலை 9ஆம் தேதி மலேசியாவோட மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஓபிஆர்ங்குற கொள்கை வட்டிய 3.00 விழுக்காட்டுல இருந்து 2.75க்கு இறக்குச்சு, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு செந்தூல்ல இருக்குற எங்க அக்காவுக்கு பேங்க்ல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. ஒரே பக்கம்தான். பழைய ரேட், புது ரேட், கீழ இனிமே மாசாமாசம் எவ்ளோ கட்டணும்னு ஒரு தொகை. அத போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பி "தம்பி, இது நல்லதா கெட்டதா, நான் எங்கயாச்சும் சைன் பண்ணணுமா"ன்னு கேட்டாங்க. இதே கேள்வி நெறைய பேருக்கு இருக்கு, அதனால எழுதுறேன்.

செந்தூல்ல கொமூட்டர் ரயில் ஏறினா புத்ராவுக்கு அடுத்த ஸ்டேஷனே பேங்க் நெகாராதான், ஆனா அங்க போய் நாம கணக்கு தொறக்க முடியாது, அது பேங்குகளுக்கெல்லாம் பேங்க். 1959 ஜனவரி 26ல ஆரம்பிச்சாங்க. அவங்களோட பணக்கொள்கைக் குழு வருஷத்துக்கு 6 தடவ கூடி ஓபிஆர் எவ்ளோன்னு முடிவு பண்ணுது. ஓபிஆர்னா ஒரு பேங்க் இன்னொரு பேங்குகிட்ட ஒரே ஒரு ராத்திரிக்குக் கைமாத்தா வாங்குற காசுக்கு வட்டி, அவ்ளோதான். பேங்குகள்கிட்ட காசு அதிகமா சுத்தினா பேங்க் நெகாரா உறிஞ்சிக்கும், கொறஞ்சா எறக்கி விடும், இப்படித்தான் அந்த வட்டிய அவங்க சொன்ன எடத்துக்குப் பக்கத்துலயே வச்சிருக்காங்க.

அந்த ராத்திரி வட்டி அக்கா வீட்டுக்குள்ள எப்படி வருதுன்னா, 2022 ஆகஸ்ட் 1ல இருந்து புதுசா எடுக்குற மாறும் வட்டி வீட்டு லோனுக்கெல்லாம் எஸ்பிஆர்னு ஒரே அடிப்படை ரேட்தான், எந்த பேங்கா இருந்தாலும் அது ஓபிஆரோட ஒட்டியே போகும். அதுக்கு மேல பேங்க் தன் பங்கா ஒரு விழுக்காடு சேர்க்கும், அது லோன் எடுக்குறப்பவே பேசி முடிச்சது, லோன் முடியுற வரைக்கும் பொதுவா மாறாது. அதனால வீடு வாங்குறவங்க பேரம் பேச வேண்டியது அந்த மேல சேர்க்குற பங்குலதான், அதுக்கு 2, 3 பேங்க் ஏறி எறங்குறதுல தப்பே இல்ல. முன்னாடி இருந்த பிஆர், பிஎல்ஆர்ங்குற அடிப்படை ரேட்ல எடுத்த பழைய லோனும் எஸ்பிஆர் எவ்ளோ நகருதோ அதே அளவுக்கு நகரும்.

கணக்கா சொன்னா, 300,000 வெள்ளி (ரிங்கிட்), 30 வருஷம், 4.25 விழுக்காடுன்னா மாசம் ஏறக்குறைய 1,476 வெள்ளி, 4.00ன்னா 1,432. 44 வெள்ளி மிச்சம். இது சின்னதா தெரியும், ஆனா ஏறுனப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க, கோவிட் சமயத்துல 2020 ஜூலைல ஓபிஆர் 1.75 வரைக்கும் போச்சு, அப்புறம் 2022 மே மாசத்துல இருந்து 2023 மே மாசத்துக்குள்ள 5 தடவ ஏத்தி 3.00 ஆக்குனாங்க, அதே லோன் 3.25ல இருந்து 4.50க்குப் போனா 1,306 கட்டினவங்க 1,520 கட்டணும். மாசம் 214 வெள்ளி கூடுதல்.

அப்ப ஏன் ஏத்துறாங்க? கோவிட் முடிஞ்சு எல்லாரும் ஒரே சமயத்துல செலவு பண்ண ஆரம்பிச்சாங்க, 2022ல வெலவாசி சராசரியா 3.3 விழுக்காடு ஏறுச்சு. வட்டி ஏறுனா புதுசா லோன் எடுக்க யோசிப்போம், பெரிய செலவத் தள்ளிப்போடுவோம், கடைக்காரரும் இஷ்டத்துக்கு வெல ஏத்த முடியாது. 2024ல அது 1.8க்கு எறங்கிடுச்சு.

ஆனா எல்லா வெலவாசியும் வட்டிக்கு அடங்காது. 2023 டிசம்பர்ல இந்தியா வெங்காய ஏற்றுமதியத் தடுத்தப்ப பம்பாய் வெங்காயம் இங்க என்ன வெல போச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க, அப்ப ஓபிஆரை 5 ஆக்கியிருந்தாலும் ஒரு மூட்ட கூட வந்திருக்காது. மானியம் குடுக்குறது, கோழிக்கு உச்சவெல வக்கிறது இதெல்லாம் அரசாங்கத்தோட வேல, பேங்க் நெகாராவத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

வெள்ளி மதிப்பும் இதுல மாட்டிக்கும். 2024 பிப்ரவரில ஒரு டாலர் 4.80 வெள்ளிகிட்ட போச்சு, அப்ப அமெரிக்கால வட்டி 5.25க்கு மேல, இங்க 3.00, அதிக வட்டி தர்ற பக்கம் காசு ஓடிடும். அதுக்காக இங்கயும் ஏத்துனா வீட்டு லோன் கட்றவங்க கழுத்துலதான் விழும், அவங்க ஏத்தாம பொறுத்தாங்க, என்னக் கேட்டா அது சரியான முடிவு.

எல்லா லோனும் மாறாது, இதையும் தெரிஞ்சிக்கோங்க. நிலையான வட்டில ஏற்கனவே எடுத்த கார் லோன் அப்படியேதான் இருக்கும். எஃப்டி போட்டு வச்ச அம்மா அப்பாவுக்கு ஓபிஆர் எறங்குனா வருத்தம்தான், ஆனா கெடு முடியுற வரைக்கும் பேசுன வட்டி கெடைக்கும், அடுத்த தடவ புதுப்பிக்குறப்பதான் கொறையும்.

கடுதாசி வந்தா மொதல்ல பாக்க வேண்டியது பேங்க்ல மாசாமாசம் தானா வெட்டுற ஏற்பாடு. வட்டி ஏறி அந்தத் தொகைய நீங்க மாத்தலன்னா ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சம் பாக்கி நிக்கும். கட்டவே முடியலன்னா சட்டவிரோதமா வட்டிக்கு விடுற ஆ லோங் பக்கம் போயிடாதீங்க, பேங்க் நெகாரா 2006ல ஆரம்பிச்ச ஏகேபிகேங்குற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கு, ஆலோசனை இலவசம், அவங்களே பேங்குகிட்ட பேசித் தவணைய மாத்திக் குடுப்பாங்க.

அக்காவுக்கு நான் சொன்னது இதான், சைன் எதுவும் வேணாம், முடிஞ்சா பழைய தொகையவே கட்டுங்க, ஆனா மிச்சத்த அசல்ல கழிக்கச் சொல்லி பேங்குகிட்ட கேட்டு எழுத்துல வாங்குங்க. மறுநாள் லஞ்ச் டைம்ல போய் வாங்கிட்டு வந்துட்டாங்க.