டிஸ்டோபியா: ஒரு கொடுவுலகின் பெயர்க்கதை

புத்தக விமர்சனங்களில் இப்போது மிகத் தாராளமாகப் புழங்கும் சொற்களில் ஒன்று டிஸ்டோபியா. ஜாம்பிகள் நகரத்தைத் தின்னும் கதைக்கும் அந்தப் பெயர்தான், உலகம் எரிந்து முடிந்தபின் இருவர் சாம்பலில் நடந்துபோகும் கதைக்கும் அதே பெயர்தான். சோகமும் இருட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், லேபிள் தயார். இதை நம்பிப் புத்தகம் வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம். ஓர் அரசு மனிதர்களை எப்படி வளைக்கிறது என்று படிக்க ஆசைப்பட்டவர் கையில் ஜாம்பிக் கதை வந்து சேர்கிறது. ஜாம்பிக் கதை தேடியவருக்கோ அரசியல் நாவல் கிடைக்கிறது. ஒரு நூலைப் பரிந்துரைப்பது என்பது இன்னொருவரின் சில இரவுகளைக் கேட்டு வாங்குவது. அதில் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

டிஸ்டோபியா என்பது மனிதர்களே திட்டமிட்டுக் கட்டி எழுப்பிய ஒரு கற்பனைச் சமூகம். அங்கே சட்டம் உண்டு, ஒழுங்கு உண்டு, எல்லாம் நேரத்துக்கு நடக்கும். அந்த ஒழுங்கினாலேயே அங்கே மனிதராக வாழ முடியாமல் போயிருக்கும். குழப்பமும் அழிவும் மட்டுமே இருக்கிற இடத்துக்கு இந்தப் பெயர் பொருந்தாது.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். ஏப்ரல் மாதம், வெளிச்சமும் குளிருமான ஒரு நாள், கடிகாரங்கள் 13 முறை அடிக்கின்றன. கடிகாரம் எதுவும் பழுதாகவில்லை. எல்லாக் கடிகாரங்களும் ஒற்றுமையாக, சரியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எண்ணும் முறையைத்தான் யாரோ மாற்றியிருக்கிறார்கள். பிணமோ இடிந்த கட்டடமோ காட்டாமல், ஒரு மணியோசையிலேயே அது எப்படிப்பட்ட உலகம் என்று சொல்லிவிடுகிறார் ஆர்வெல். இந்த வகை நாவலை அடையாளம் காண இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? அதற்கு அதன் அண்ணனிடமிருந்து தொடங்க வேண்டும். 1516இல் தாமஸ் மோர் என்ற ஆங்கிலேயர் லத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். அது இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவன் நகரில் அச்சானது. அதில் வரும் கற்பனைத் தீவுக்கு அவர் வைத்த பெயர் யுடோபியா. கிரேக்கத்தில் 'ஊ' என்றால் இல்லை, 'டோபோஸ்' என்றால் இடம். ஆக, இல்லாத இடம். ஆனால் அதே கிரேக்கத்தில் 'எஉ' என்ற முன்னொட்டுக்கு நல்ல என்று பொருள். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். மோரின் நூலிலேயே ஒரு சின்னக் கவிதை உண்டு. என்னை இல்லாத இடம் என்று அழைப்பதைவிட நல்ல இடம் என்று அழைப்பதே பொருத்தம் என்று தீவே தன் வாயால் பேசுவதுபோல அது அமைந்திருக்கும். இந்த இரட்டை அர்த்தத்தைத் தமிழில் அழகாகக் காட்டலாம்: இல்லூர், நல்லூர். நல்லூர் என்ற பெயரில் நம்மிடம் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. இல்லூர்தான் இல்லை.

டிஸ்டோபியா பிறந்தது இந்த நல்லூர் அர்த்தத்துக்கு எதிராக. 'டிஸ்' என்ற கிரேக்க முன்னொட்டு கெட்ட, கோளாறான, கடினமான என்று பொருள்படும். படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியாவில் இருப்பதும் இதுதான். சமஸ்கிருதத்தில் துர்நாற்றம், துர்ப்பாக்கியம் என்று வரும் 'துர்' இதற்கு ரத்த உறவு, இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. 1747இல் வெளியான ஓர் ஆங்கிலக் கவிதையில், மகிழ்ச்சியைத் தொலைத்த தீவு ஒன்றின் பெயராக 'டஸ்டோபியா' என்ற வடிவம் வருகிறது. ஆனால் அது பரவவில்லை.

சொல்லைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். 1868 மார்ச் 12 அன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் அயர்லாந்தைப் பற்றிய விவாதம் நடந்தது. அரசின் கொள்கையைத் தாக்கிப் பேசிய மில், இவர்களை யுடோபியர்கள் என்று சொன்னால் அது பாராட்டாகிவிடும், டிஸ்டோபியர்கள் அல்லது ககோடோபியர்கள் என்றுதான் சொல்ல வேண்டும் என்றார். இதில் ககோடோபியா என்பது, மோசமான ஆட்சி நடக்கும் கற்பனை இடத்துக்கு மில்லின் ஆசான் ஸ்தானத்தில் இருந்த ஜெரமி பெந்தாம் ஏற்கெனவே உருவாக்கியிருந்த பெயர். மில் தந்த விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். நடைமுறைக்கு வர முடியாத அளவுக்கு நல்லதாக இருப்பது யுடோபியா, நடைமுறைக்கு வர முடியாத அளவுக்குக் கெட்டதாக இருப்பது இவர்கள் விரும்புவது. அதாவது, இவ்வளவு கெட்டது நடக்கவே முடியாது என்பதுதான் சொல்லின் தொடக்கப் பொருள்.

இருபதாம் நூற்றாண்டு அந்தப் பொருளைத் தலைகீழாக்கிவிட்டது. இன்று நாம் ஒரு நாவலை டிஸ்டோபியா என்று சொல்வதே, இது நடந்துவிடும் போலிருக்கிறதே என்ற பயத்தினால்தான். 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) எழுதிய மார்கரெட் அட்வுட், வரலாற்றில் எங்காவது ஏற்கெனவே நடந்திராத எதையும் அந்த நாவலில் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டு எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். மில்லின் காலத்துக்கும் அட்வுட்டின் காலத்துக்கும் நடுவே இரண்டு உலகப் போர்களும், வதை முகாம்களும், ரகசியப் போலீஸும் வந்துபோயின. சொல்லின் பொருள் மாறியதில் வியப்பில்லை.

இந்த வகையின் முன்னோடி என்று பலரும் சொல்வது ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி சம்யாத்தின் 1920, 21 வாக்கில் எழுதிய நாவல். தலைப்பு ஒரே சொல், ஆங்கிலத்தில் 'We'. தமிழில் 'நாம்' என்றுதான் பெயர்க்க வேண்டும், 'நாங்கள்' என்றால் கெட்டுவிடும். வெளியே ஒருவரையும் விட்டுவைக்காத ஓர் அரசின் கதை அது. அங்கே மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். கதை சொல்பவன் டி-503. வீடுகள் கண்ணாடியால் ஆனவை. திரையை இறக்கிவிட வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் குறித்த நேரத்துக்கு மட்டும். ஒரு கவளத்தை 50 முறை மெல்ல வேண்டும் என்பதுகூட விதி. படிக்கும்போது பயமுறுத்துவது கொடுமை என்று பெயர் எடுத்த காட்சிகளைவிட இந்த 50 முறை மெல்லுதல்தான். டி-503க்கு இதில் குறை எதுவும் தெரியாது, பெருமையாகவே எழுதிக்கொண்டு போவான். நாவல் முதலில் ஆங்கில மொழிபெயர்ப்பாக 1924இல் நியூயார்க்கில் வெளிவந்தது. எழுதப்பட்ட நாட்டில் அச்சாக 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்வெல் 1946 ஜனவரியில் இதற்கு ஒரு விமர்சனம் எழுதினார். '1984' வெளியானது 1949 ஜூனில். ஒரு நல்ல நூல் மதிப்புரை என்ன செய்யும் என்பதற்கு இந்தத் தேதிகளே போதும்.

இப்போது லேபிள் குழப்பத்துக்கு வருவோம். கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோடு' (2006) ஓர் அற்புதமான நாவல். அப்பாவும் மகனும் அழிந்துபோன நாட்டின் வழியே தெற்கு நோக்கி நடக்கிறார்கள். அங்கே அரசும் இல்லை, சட்டமும் இல்லை. அது ஊழிக்குப் பிந்தைய கதை. ஊழி என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கும்போது 'போஸ்ட் அபோகலிப்டிக்' என்று ஏன் திணற வேண்டும்? 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) இரண்டும் கலந்தது. அழிந்த வட அமெரிக்காவின் மேல் எழும்பிய நாடு பானெம். அதன் 12 மாவட்டங்களும் ஆண்டுதோறும் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சாவு விளையாட்டுக்கு அனுப்ப வேண்டும், தலைநகரம் அதை டிவியில் ரசிக்கும். அழிவு பின்னணி, விளையாட்டு விதி டிஸ்டோபியா. மாயமும் மந்திரமும் நிறைந்த மிகுபுனைவில் வரும் இருண்ட அரக்கனின் நாடு இன்னொரு கணக்கு. அங்கே தீமை வெளியிலிருந்து வருகிறது, வாளோடு போய் அதை வென்றுவிடலாம். டிஸ்டோபியாவில் தீமை அலுவலக நேரத்தில் கையெழுத்துப் போட்டு நடக்கிறது, பல சமயம் மக்களே அதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலில், புத்தகம் எரிக்கும் படையின் தலைவன் பீட்டி இதை வெளிப்படையாகவே சொல்கிறான்: இது முதலில் அரசு மேலிருந்து போட்ட உத்தரவு இல்லை, ஜனங்கள்தாம் படிப்பதை விட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? யுடோபியாவுக்கு இடதுசாரி எழுத்தில் 'கற்பனாவாதம்' என்பது நன்றாக ஊன்றிவிட்டது. கற்பனாவாத சோசலிசம் என்ற தொடர் பலருக்கும் பழக்கம். இலக்கியத்தில் பொன்னுலகம், கனவுலகு என்றும் எழுதுகிறோம். டிஸ்டோபியாவுக்கு யோசித்தால் சட்டென்று வந்து நிற்பவை துன்பவுலகு, துர்க்கனவுலகு, எதிர்-கற்பனாவுலகு போன்றவை. துன்பவுலகு எனக்கு ஒத்துவரவில்லை. பஞ்சமும் துன்பம்தான், புயலும் துன்பம்தான், அவை யாரும் கட்டியவை அல்ல. துர்க்கனவு தானாக வருவது, விழித்தால் போய்விடும், இந்த உலகுகள் விழித்தாலும் போகாது. மூன்றாவது சொல்லை ஒரு விமர்சனத்தில் நாலு முறை எழுதினால் வாசகர் மூடிவைத்துவிடுவார்.

நான் பரிந்துரைக்கும் சொல் கொடுவுலகு. காரணம் 'கொடு' என்ற வேர். இன்று கொடுமை என்றால் நமக்கு இரக்கமின்மைதான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் பழைய பொருள் வளைவு, கோணல். செங்கோல் நேராக நிற்கும் கோல், கொடுங்கோல் வளைந்த கோல். செந்தமிழுக்கு எதிரே கொடுந்தமிழ் என்று சொன்னபோதும் இரக்கமில்லாத தமிழ் என்று யாரும் கருதவில்லை, நெறியிலிருந்து விலகிய தமிழ் என்றுதான் கருதினார்கள். திருக்குறள் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்ததே கொடுங்கோன்மை. நேரும் வளைவும் பக்கத்துப் பக்கத்தில். கிரேக்க 'டிஸ்' தரும் கோளாறான என்ற சாயல் இந்தக் 'கொடு'வில் அப்படியே இருக்கிறது. யாரோ பிடித்து வளைத்திருக்கிறார்கள் என்ற குறிப்பும் கூடவே வருகிறது. கொடு என்பதோடு உலகு சேரும்போது, நடு என்பதோடு இல் சேர்ந்து நடுவில் ஆவதுபோல வகரம் வந்து கொடுவுலகு ஆகும். கொடுவுலக நாவல், கொடுவுலகப் புனைவு என்று நீட்டவும் சிரமமில்லை.

கொடுங்கோலுலகு என்றே சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) குறுக்கே வருகிறது. அந்த உலகில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. குழந்தைகள் புட்டிகளில் வளர்கிறார்கள், ஆல்பா முதல் எப்சிலான் வரை ஐந்து சாதிகளாகப் பிறக்கும் முன்பே பிரிக்கப்படுகிறார்கள். மனம் வாடினால் சோமா என்ற மாத்திரை. எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஒரு நாட்டுக்கு அணி என்று வள்ளுவர் ஐந்து சொல்கிறார்: பிணியின்மை, செல்வம், விளைவு (விளைச்சல்), இன்பம், ஏமம் (பாதுகாப்பு). ஹக்ஸ்லியின் உலகில் ஐந்தும் குறைவில்லாமல் இருக்கின்றன! அப்படியானால் அது நல்ல நாடா? அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், இவையெல்லாம் நிறைந்திருந்தாலும் நல்ல ஆட்சி அமையாத நாட்டால் பயனில்லை என்கிறது. இந்த நாவலுக்கு இரண்டு குறள்களில் விமர்சனம் எழுதிவிடலாம். அங்கே கொடுங்கோல் கண்ணில் படாது. வளைவு மட்டும் இருக்கும். அதனால்தான் கொடுவுலகு.

ஔவையார் நிலத்தைப் பார்த்துப் பாடிய புறநானூற்று 187ஆம் பாடலும் இங்கே நினைவுக்கு வரும். நீ நாடாக இரு, காடாக இரு, பள்ளமாக இரு, மேடாக இரு, எங்கே மனிதர்கள் நல்லவர்களோ அங்கே நீயும் நல்லை என்கிறார். இடத்தின் குணம் மனிதர் செய்வது என்ற இந்தப் பார்வைதான் கொடுவுலகப் புனைவை மற்ற இருண்ட கதைகளிலிருந்து பிரித்துக் காட்டும் கோடு. ஆகவே இப்படி ஒரு நாவலை மதிப்பிடும்போது முதலில் எழுத வேண்டியது, அங்கே என்ன விதி, அதை யார் கொண்டுவந்தார்கள், எந்த நன்மையின் பெயரால் கொண்டுவந்தார்கள் என்பதுதான். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த நூலுக்கு வேறு பெயர் தேட வேண்டும். கதைச் சுருக்கமும் நட்சத்திர எண்ணிக்கையும் அப்புறம் வரட்டும்.

தமிழில் தொடங்க நினைப்பவருக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடுப்பேன். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்ற தலைவனின் ஆட்சியில் நடக்கும் கதை. மக்களின் பெயர்களே இரண்டு எழுத்துக்குச் சுருக்கப்பட்டிருக்கும்: நிலா, சிபி, ரவி. குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். சம்யாத்தின் பெயரையே எடுத்துவிட்டு எண் கொடுத்தார், சுஜாதா பெயரை அரிந்து குட்டையாக்கினார். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகப் பள்ளிப் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள், ஜீவாவின் ஆட்சி நடக்கும் முறைக்காகப் பெரியவர்கள் மறுபடி படிக்கலாம். அதற்கு அடுத்து 'ஃபாரன்ஹீட் 451', அளவில் சிறியது, வேகமாக ஓடும். பிறகு '1984'. ஹக்ஸ்லியை அதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்வெல்லின் பயத்தைப் பார்த்தபின் படித்தால்தான் ஹக்ஸ்லியின் சந்தோஷம் உறைக்கும். சம்யாத்தினைக் கடைசியாகப் படிக்கச் சொல்வேன். முதலில் படித்தால் கணக்கும் கவிதையுமாகப் போகும் அந்த நடை சிலரைத் தள்ளிவிடும், மற்றவற்றைக் கடந்து வந்தவர்களுக்கு அதில் ஒவ்வொரு பக்கமும் தெரிந்த முகமாக இருக்கும்.